நுரை பொங்கினால் அழுக்குப் போய்விடுமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள் திருவானைக்காவலில் எந்தத் தெருவில் நடந்தாலும் கால் நனையாமல் வீடு போய்ச் சேர முடியாது. வாசலுக்கு வாசல் கார், ஸ்கூட்டர், பையனின் சைக்கிள் என்று வரிசையாகக் குளியல்! பக்கெட் வழிய வெள்ளை வெளேரென்று நுரை. 'இன்னும் கொஞ்சம் போடுப்பா, நுரை பத்தலை' என்று உள்ளேயிருந்து ஒரு குரல். வாஷிங் பவுடர் டப்பா தலைகீழாகக் கவிழும்.

முன்பெல்லாம் இது வருஷத்துக்கு ஒரு நாள் சமாசாரம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கிறது. வீட்டுக்கு ஒரு கார் வந்துவிட்டது. கூடவே கையால் அழுத்தும் ஸ்ப்ரே பம்ப், பிரஷர் வாஷர், நுரை கக்கும் ஃபோம் கன் எல்லாம் வந்துவிட்டன.

'கார் கழுவறதைப் பத்தி மெக்கானிக் எழுதட்டும். சித்த வைத்தியருக்கு இதுல என்ன வேலை?' என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். பதில் கழுவுகிறவரின் உள்ளங்கையில் இருக்கிறது.

என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒரு டிரைவரைச் சொல்கிறேன். நாற்பது வயது இருக்கும். இரண்டு கைகளிலும் விரல் இடுக்கில் வெடிப்பு, அரிப்பு. உள்ளங்கை பழைய செருப்புத்தோல் மாதிரி தடித்திருந்தது. சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு எரிச்சல். 'கத்தரிக்காய் ஒத்துக்கலை போல, கருவாடு ஆகலை போல' என்று ஆறு மாதமாகப் பத்தியம் இருந்திருக்கிறார். குணமில்லை.

'காலையில எழுந்ததும் என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டேன். தினமும் நாலு கார் கழுவுகிறாராம். எப்படி? அரை பக்கெட் தண்ணீரில் இரண்டு கைப்பிடி வாஷிங் பவுடர், அதை வெறும் கையாலேயே கலக்கி நுரை எழுப்புவது. கத்தரிக்காய் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை!

கரப்பான் என்று நாங்கள் சொல்கிற தோல் நோயில் பல வகை உண்டு. வெளியிலிருந்து ஒரு பொருள் தோலைத் தொட்டுத் தொட்டு வருகிற வகையில், அந்தப் பொருளை நிறுத்தாமல் எந்தச் சூரணம் கொடுத்தாலும் வீண். இவருக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்தது மருந்துச் சீட்டு இல்லை. சோப்புக்கும் தண்ணீருக்கும் ஒரு கணக்கு! அதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

தோலுக்கு ஒரு புளிப்பு உண்டு

நம் தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை உடையது. புளிப்பையும் காரத்தையும் அளக்கிற பி.எச். கணக்கில் ஏறக்குறைய 5. நடுநிலை என்பது 7. துணி துவைக்கிற வாஷிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் 10-ஐத் தொடும், அதைத் தாண்டவும் செய்யும். ஐந்துக்கும் பத்துக்கும் இரண்டு மடங்குதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு. ஐந்து படி ஏறினால் ஒரு லட்சம் மடங்கு!

அந்தக் காரம் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைக்கிறது. பசை போனால் ஈரம் போகும். ஈரம் போனால் தோல் வறண்டு வெடிக்கும். வெடித்த இடத்தில் மறுநாளும் அதே சோப்பு இறங்கும். இப்படித்தான் சாதாரண வறட்சி நாள்பட்ட நோயாகிறது. பாத்திரம் தேய்க்கிற, துணி துவைக்கிற பெண்களின் கைக்கு வருவதும் இதே தொல்லைதான்.

காரின் பெயின்ட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதி. பெயின்ட் மேல் பூசிய மெழுகுப் பூச்சை வாஷிங் பவுடர் உரித்துவிடும். பாத்திரம் கழுவும் லிக்விடும் அப்படித்தான். எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றுவதற்கென்றே செய்தது அது. கார் ஷாம்பு பெரும்பாலும் நடுநிலையாகத் தயாராகிறது. அதனால் பெயின்ட்டுக்கும் பாந்தம், கைக்கும் பாந்தம்.

சந்தேகமாக இருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சிவப்பு லிட்மஸ் தாள் கேளுங்கள். கலக்கிய தண்ணீரில் நனைத்ததும் நீலமாக மாறினால் அது காரம்.

நுரையின் வேலை என்ன?

சோப்பின் நுண்ணிய துகளுக்கு ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறு முனை எண்ணெயைப் பிடிக்கும். எண்ணெய் முனைகள் அழுக்கைச் சூழ்ந்து கவ்வ, தண்ணீர் முனைகள் அதைத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகும். அழுக்கு நீங்குவது இந்த வேலையால்தான்.

நுரை என்பது சோப்புத் தண்ணீருக்குள் அடைபட்ட காற்று. அதற்கும் ஒரு பயன் உண்டு. வெறும் சோப்புத் தண்ணீர் காரின் பக்கவாட்டில் உடனே வழிந்துவிடும். நுரை நாலைந்து நிமிடம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குள் தூசி ஊறி இளகும். துணி வழுக்கிக்கொண்டு போவதால் கீறலும் குறையும். அதைத் தாண்டி நுரை அதிகமானால் சுத்தம் அதிகமாகும் என்பது வெறும் பிரமை.

ஒரு அளவு வரைக்கும் சோப்பைக் கூட்டினால் அழுக்கு நீங்குவதும் கூடும். அந்த அளவைத் தாண்டிவிட்டால் மேலும் கொட்டுகிற சோப்பு ஒன்றோடொன்று கூடித் தண்ணீரில் சும்மா மிதக்கும். நுரைக்குப் பயன்படும் ஒரு சாதாரண ரசாயனத்துக்கு அந்த எல்லை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம்தான். இரண்டு கைப்பிடிக்கு அங்கே என்ன வேலை, சொல்லுங்கள்!

கலக்கும் கணக்கு

மருந்துக் கடையில் இருமல் டானிக் வாங்கினால் ஒரு அளவு மூடி கொடுப்பார்களே, 10 மில்லி, அது போதும். தூக்கிப் போடாமல் கழுவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

*பக்கெட்டில் கழுவ:* 10 லிட்டர் தண்ணீருக்கு இரண்டிலிருந்து மூன்று மூடி கார் ஷாம்பு, அதாவது 20 முதல் 30 மில்லி. முதலில் ஒரு செம்புத் தண்ணீரில் ஷாம்புவைக் கரையுங்கள். பிறகு மீதித் தண்ணீரைக் குழாயிலிருந்து வேகமாக விழ விடுங்கள். விழுகிற வேகத்திலேயே நுரை எழும்பும். கையை விட்டு அளைய வேண்டாம்.

*ஃபோம் கன்னில் கழுவ:* இங்கே முறை தலைகீழ். பாட்டிலில் முதலில் தண்ணீர், அதன் மேல் ஷாம்பு. மாற்றிச் செய்தால் பாட்டிலுக்குள்ளேயே நுரை கட்டிக்கொண்டு தண்ணீருக்கு இடமில்லாமல் போகும். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு ஐந்து மூடி, 50 மில்லி. மூடிவிட்டு இரண்டு தடவை மெதுவாகச் சாய்த்து எடுங்கள், குலுக்க வேண்டாம்.

'பக்கெட்டுக்கு 30 மில்லி, சின்ன பாட்டிலுக்கு 50 மில்லியா?' என்று கேட்பீர்கள். பிரஷர் வாஷரோடு மாட்டும் ஃபோம் கன் பாட்டிலில் உள்ளதை அப்படியே பீய்ச்சுவதில்லை. வேகமாகப் பாய்கிற தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் காற்றோடும் தண்ணீரோடும் கலந்து வெளியே தள்ளும். பாட்டிலில் 20-க்கு 1. வெளியே வரும்போது மேலும் பத்து மடங்கு தண்ணீர் சேர்ந்தால் 200-க்கு 1. கையால் அழுத்தும் ஸ்ப்ரே பம்ப்பில் அப்படித் தண்ணீர் சேராது. உள்ளே கலந்ததுதான் வெளியே வரும். ஆகவே ஒரு லிட்டருக்கு அரை மூடிக்கு மேல் வேண்டாம்.

ஷாம்புவுக்கு ஷாம்பு கெட்டித்தன்மை மாறும். டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நுரை வரவில்லையே!

அளவாகப் போட்டும் நுரை எழும்பவில்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் ஓடுகிற தீவு எங்கள் ஊர். ஜம்புகேஸ்வரர் கோயிலில் இருப்பதே அப்பு லிங்கம், பஞ்சபூதங்களில் நீருக்கு உரியது. யானை தும்பிக்கையில் தண்ணீர் மொண்டு வந்து அபிஷேகம் செய்த தலம் என்பது தல புராணம். அந்தக் கணக்கில் உலகத்தின் முதல் பிரஷர் வாஷர் எங்கள் ஊரில்தான்!

ஆனால் எல்லா வீட்டிலும் ஆற்றுத் தண்ணீர் வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாக இருந்தால் அது கடினத் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் 600 வரை.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்களில் பாதியளவு, ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் இன்னொன்றில் மழைத் தண்ணீரும் எடுங்கள். குளியல் சோப்பைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை நிற்கும். கடினத் தண்ணீரில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி மிதக்கும்.

இங்கே சோப்பைக் கூட்டுவது வைத்தியமில்லை. சோப்புக் கட்டிக்குப் பதில் ஷாம்பு போடுங்கள். அது கடினத் தண்ணீரில் அவ்வளவாகத் திரியாது. அலசியதும் உடனே துடையுங்கள். காய விட்டால் வெள்ளைப் புள்ளி விழும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல். டயர் கழுவலாம், கண்ணாடிக்கும் பெயின்ட்டுக்கும் வேண்டாம்.

பூந்திக்கொட்டை போடலாமா டாக்டர்?

சித்த மருத்துவர் என்றதும் தவறாமல் வருகிற கேள்வி! நம் பாட்டிமார் பட்டுப்புடவைக்கும் பொற்கொல்லர்கள் நகைக்கும் பயன்படுத்திய சமாசாரம் இது. இதன் தோலில் இருக்கும் சபோனின் என்ற பொருள்தான் நுரை தருகிறது. சீயக்காயிலும் இருப்பது அதுவே.

தெருப் புழுதி மட்டும் படிந்த காருக்குத் தாராளமாகப் போடலாம். கொட்டையை எடுத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு காய்களின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். திப்பி தங்கினால் பெயின்ட்டில் கீறல் விழும். இதோடு நாலைந்து லிட்டர் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், வைத்தால் புளித்து நாறும். கிரீஸ், எண்ணெய்க் கறைக்கு இது போதாது. சீயக்காய்ப் பொடி காருக்கு வேண்டவே வேண்டாம், நெருநெருவென்று உரசும்.

இன்னொன்று. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று அலட்சியம் கூடாது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டால் பிடுங்கி எடுத்துவிடும். குளத்தில் கரைத்தால் மீன்கள் மயங்கி மிதக்கும் அளவுக்கு அதில் வீரியம் உண்டு. இயற்கைச் சரக்குக்கும் அளவு உண்டு என்பதுதான் எங்கள் வைத்தியத்தின் முதல் பாடம்.

கழுவும் முறை

நிழலில் கழுவுங்கள். திருச்சி வெயிலில் சூடேறிய பானட்டின் மேல் நுரை ஒரு நிமிடத்தில் காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். முதலில் வெறும் தண்ணீரால் மணலையும் புழுதியையும் இறக்கிவிடுங்கள். பிறகு நுரை. மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஊறட்டும், காயக்கூடாது. மேலிருந்து கீழே துடையுங்கள். சக்கரங்கள் கடைசி, அதற்குத் தனித் துணி.

இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். அழுக்குத் துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பில் தோய்க்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள். முதல் அலசலுக்கு 15 லிட்டர், சோப்புக்கு 10, துணி அலச 10, கடைசி அலசலுக்கு 30. ஆக 65 லிட்டரில் ஒரு சின்னக் கார் பளிச்! ஒரு நிமிடத்தில் 15 லிட்டர் பக்கெட்டை நிரப்புகிற குழாயில் ஹோஸ் மாட்டி இருபது நிமிடம் திறந்துவிட்டால் 300 லிட்டர் போயிருக்கும். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்க வேண்டி வந்தது.

சோப்பு குறைந்தால் அலசுகிற தண்ணீரும் குறையும். சாக்கடை வழியாக ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிற நுரையும் குறையும். ஓசூர் கெலவரப்பள்ளி அணையிலும் பெங்களூர் பெல்லந்தூர் ஏரியிலும் மலை மலையாய் நுரை பொங்கிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆலைக் கழிவோடும் ஊர்ச் சாக்கடையோடும் வீட்டுச் சோப்புக்கும் அதில் பங்கு உண்டு.

இதெல்லாம் கூடவே கூடாது

• கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பிளீச்சிங்கோடு அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது.

• கலக்கிய சோப்பைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை கலரைப் பார்த்து குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. நுரை மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் அதுதான் பெரிய ஆபத்து. வாயைக் கொப்பளிக்க வைத்து, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 108.

• கண்ணில் தெறித்தால் கசக்காமல், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள்.

• சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு சோப்புத் தண்ணீரில் நிற்க வேண்டாம். கால் வெடிப்பில் இறங்கினால் புண்ணாகும். உணர்ச்சி மழுங்கிய காலுக்கு அது தெரியவும் தெரியாது.

கைக்கு வைத்தியம்

கழுவ உட்காருமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். மோதிரத்துக்கு அடியில் தங்குகிற சோப்புதான் பலருக்கு முதல் அரிப்பைக் கொண்டுவருகிறது. ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை போட்டால் வியர்வை கசகசக்காது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கைகளை அலசி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ராத்திரி படுக்கும்போது இன்னொரு முறை.

துடைத்த பிறகு தோல் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் நீங்கள் கலக்கிய சோப்பு அதிகம் என்று உங்கள் கையே சொல்கிறது. அடுத்த தடவை ஒரு மூடி குறையுங்கள்.

வெடிப்பு விழுந்துவிட்டதா? சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய், அருகன் தைலம் போன்ற மேற்பூச்சுகள் உண்டு. எது யாருக்கு என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தடவாதீர்கள், தோல் மெலிந்துபோகும். நீர் வடிந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது.

நான் சொன்ன டிரைவருக்கும் இவ்வளவுதான் வைத்தியம். வாஷிங் பவுடர் நின்றது, அளவு மூடி வந்தது, கையுறை வந்தது, மேலே தடவ ஒரு தைலம். ஒன்றரை மாதத்தில் ரசம் சோறு பிசைந்து சாப்பிட்டார்.

ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் கார் ஒருவருடையது, கழுவுகிற கை வேறொருவருடையது. பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்தால் பதறுகிறோம். அந்தக் கையில் விழுகிற கீறலையும் பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காரைக் கழுவ வருகிறவரிடம் ஷாம்பு பாட்டிலோடு ஒரு அளவு மூடியும் ஒரு ஜோடி கையுறையும் கொடுங்கள். கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். 'நுரை பத்தலை' என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் கொடுக்காதீர்கள்!